பெத்தகமவின் அனுமதிப் பத்திரம்: லெனாட் வூல்ஃபின் நாவலும் காட்டுரிமையும்

லெனாட் வூல்ஃப் 1913 ஆம் ஆண்டு 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை இக்கட்டுரையில் 'காட்டிலுள்ள கிராமம்' எனக் குறிப்போம். இலங்கையின் தென்கிழக்கு உலர்வலயத்திலுள்ள சிறு கிராமமொன்று சிறிது சிறிதாகச் சிதைந்து, இறுதியில் காட்டுக்குள் மறைந்துபோவதே அதன் கதை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் அதனைத் திரைப்படமாக்கினார். நமது ஆங்கிலத்துறை வகுப்பறைகளில் நீண்டகாலமாகப் பயிலப்பட்டு வரும் நூல் அது. ஆயினும் அது பயிலப்பட்ட முறை பெரும்பாலும் ஒரே தன்மையது. இரக்கமற்ற இயற்கை, அதன் முன் வலுவிழந்து நிற்கும் மனிதன், தப்பமுடியாத விதி ஆகிய மூன்று சொற்றொடர்களுக்குள் நாவல் அடங்கிவிடுவதாகக் கொண்டு, கிரேக்க அவலநாடகத்தோடு ஒப்பிட்டு, ஆசிரியரின் மனிதாபிமானத்தைப் பாராட்டி முடித்துவிடுகிறோம். இவ்வாசிப்பில் கதையின் ஒரு சிறு பொருள் கண்ணிற் படாமலே போய்விடுகிறது. அது சேனை வெட்டுவதற்கு அரசாங்கம் வழங்கும் அனுமதிப் பத்திரம். பெத்தகமவின் அழிவுக்குக் காரணம் காடா, அந்தப் பத்திரமா என்ற வினாவையே இங்கு எழுப்ப விரும்புகிறோம். இவ்வினா இலக்கிய வினா மட்டுமன்று என்பது கட்டுரையின் பிற்பகுதியில் தெளிவாகும்.

வூல்ஃப் 1904 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பணிபுரிந்தபின், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். உப்பு, வரி, மாட்டுநோய், நீதிமன்றம் என மாவட்ட நிருவாகத்தின் எல்லா அலுவல்களும் அவர் கையிலிருந்தன. சேனைப் பயிர்ச்செய்கைக்கு அனுமதி அளிப்பதும் அவற்றுள் ஒன்று. அவர் அம்பாந்தோட்டைக்குச் சென்றதற்கு முந்திய ஆண்டிற்றான் 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியிருந்தது. ஆகவே, கிராமத்தவனின் பசியையும் அரசாங்கத்தின் காட்டுக் கொள்கையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்ற ஒருவர் எழுதிய நாவல் இது. குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகள் எழுதிய கதைகளிற் கிழக்கு நாட்டுக் குடியானவன் வேலைக்காரனாகவோ வேடிக்கைப் பொருளாகவோ வந்துபோவதே வழமை. வூல்ஃப் அவனைக் கதையின் நடுவில் வைத்தார். வெள்ளையரைக் கரைக்கு ஒதுக்கினார். அவ்வகையில் அவர் செய்தது சிறிய காரியமன்று. குறைகளைக் கூறுமுன் இதனை ஒப்புக்கொள்வது நேர்மையாகும்.

நாவலின் கதைப்போக்கை அனுமதிப் பத்திரத்தின் வழியே ஒருமுறை தொடர்ந்து பார்ப்போம். சிலிண்டு என்பவன் வேட்டைக்காரன், ஊரோடு ஒட்டாதவன். அவனுடைய இரட்டைப் பெண்களுள் ஒருத்தி புஞ்சி மெனிகா, மற்றவள் ஹின்னிஹாமி. ஊர்த்தலைவனான ஆராச்சி பாபேஹாமியின் மைத்துனன் பாபுன், புஞ்சி மெனிகாவை விரும்பி மணந்துகொள்கிறான். இது ஆராச்சிக்குப் பிடிக்கவில்லை. பகை இவ்வாறு ஒரு குடும்ப மனக்கசப்பாகவே தொடங்குகின்றது. எந்த ஊரிலும் இத்தகைய மனக்கசப்புகள் உண்டு. அவை திருவிழாவிலோ மரணவீட்டிலோ ஒருநாள் ஆறிவிடுவதும் உண்டு. பெத்தகமவில் அது ஆறவில்லை. ஏனெனில் ஆராச்சியின் கையில் அரசாங்கம் ஒரு கருவியைக் கொடுத்து வைத்திருக்கிறது. எவனுக்குச் சேனை கிடைக்கும், எவனுக்குக் கிடைக்காது என்பது அவனுடைய சொல்லில் தங்கியிருக்கிறது. வயல் இல்லாத அவ்வூரிற் சேனை கிடைக்காவிட்டாற் குரக்கன் இல்லை. குரக்கன் இல்லாவிட்டாற் கடன். கடன் கொடுப்பவனிடம் அடுத்த ஆண்டின் விளைச்சல் முன்கூட்டியே போய்விடும்.

பின்னர் நகரத்திலிருந்து பெர்னாண்டோ என்னும் முதலாளி வருகிறான். சேனை விளைச்சலின்மீது கடன் கொடுத்தவன் அவன். புஞ்சி மெனிகாமீது அவனுக்கு ஆசை பிறக்கிறது. அவள் இணங்கவில்லை. ஆராச்சியும் முதலாளியும் கூடிச் செய்யும் முதற்காரியம் கவனிக்கத் தக்கது. அவர்கள் அடியாட்களை அனுப்பவில்லை, பேய்பிசாசை ஏவவுமில்லை. சிலிண்டுவுக்கும் பாபுனுக்கும் சேனை அனுமதியை இல்லாமற் செய்கிறார்கள். பசி வந்தாற் பெண் இணங்குவாள் என்பதே கணக்கு. அது பலிக்காதபோதுதான் பொய்க் களவு வழக்குத் தொடுக்கப்படுகிறது. வெள்ளைக்கார நீதவானின் மன்றிற் பாபுன் சிறைக்கு அனுப்பப்படுகிறான், சிறையிலேயே இறக்கிறான். சிலிண்டு துவக்கை எடுத்து ஆராச்சியையும் முதலாளியையும் சுட்டுக் கொல்கிறான். தன் வாழ்நாள் முழுவதும் தான் வேட்டையாடப்பட்டு வந்தவன் என்பது அப்பொழுதே அவனுக்கு விளங்குகிறது. அவனுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை பின்னர் நீண்டகாலச் சிறையாக மாற்றப்படுகிறது.

நிருவாக அதிகாரம், வட்டிமூலதனம், பெண்ணுடலின்மீதான ஆதிக்கம் என்னும் மூன்றும் ஒரு துண்டுக் கடதாசியிற் சந்திப்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு நூல் அக்கால இலங்கை பற்றிய ஆங்கிலப் புனைகதையில் இருப்பதாக நாம் அறியோம். ஆனால் இத்துல்லியத்தை நாவலாசிரியரே நம்பவில்லை. நாவலின் தொடக்கப் பக்கங்களிலேயே, காடுகள் யாவும் தீயவை, பெத்தகமவைச் சூழ்ந்த காடு அவற்றுள்ளும் மிகத் தீயது என்ற கருத்தினைக் கதைசொல்லியின் தீர்ப்பாகவே அவர் வைத்துவிடுகிறார். கதை முடியும்போதும் காடே வந்து ஊரை விழுங்குகிறது. கதையின் எலும்புக்கூடு பொருளாதாரமாகவும் அதன் மேற்றோல் இயற்கைத் தத்துவமாகவும் அமைந்துவிட்டன. விமர்சகர் பலரும் தோலையே தடவிப் பார்த்தனர்.

இம்முரண்பாடு தற்செயலானதன்று. ஆராச்சி கெட்டவன், முதலாளி கெட்டவன் என்று கூறலாம். காடு கெட்டது என்றும் கூறலாம். ஆனால் மனிதர் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுவந்த காடு எவ்வாறு அரசாங்கத்தின் சொத்தாயிற்று, அதனைக் கொடுக்கவும் மறுக்கவும் ஆராச்சிக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை உதவி அரசாங்க அதிபரின் நாற்காலியிற் போய் முடியும். அந்நாற்காலியில் இருந்தவர் வூல்ஃப். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தை வன்மையாகக் கண்டித்த அவர், இந்நாவலை எழுதிய வேளையில் அதன் வாயில்வரை வந்து நின்றுவிட்டார் எனலாம்.

தமிழிலக்கியம் பயின்றவர்களுக்குச் சேனை அந்நியமான பொருளன்று. குறிஞ்சித் திணைப் பாடல்களில் வரும் தினைப்புனம் யாது? மலைச்சாரலில் மரம் வெட்டி, எரித்து, சாம்பலில் தினை விதைத்து, பரண்மீதிருந்து கிளியோட்டிக் காத்து, விளைந்தபின் கைவிட்டு நகரும் அதே பயிர்முறையே அது. புனம் காக்கும் தலைவியின் களவொழுக்கத்தைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிய நாம், புனத்தின் உரிமை எவருடையது என்று பெரிதும் கேட்டதில்லை. பரணிற் காவலிருக்கும் பெத்தகமவாசியும் கபிலரின் குறவர் மகளும் ஒரே உற்பத்தி முறையின் இருவேறு காலத்து மாந்தர் என்பதை உணர்ந்தால், வூல்ஃபின் நாவல் நம் ஆய்வுப் பரப்புக்குப் புறம்பானதாகத் தோன்றாது.

இனி, நாவல் கூறாமல் விட்ட வரலாற்றுக்கு வருவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பற்றும் பயிரிடப்படாதும் உள்ள நிலமெல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று அனுமானிக்கச் செய்தது. சில ஆண்டுகள் இடைவெளிவிட்டே பயிரிடக்கூடிய சேனை நிலங்களையும் அது வளைத்துக்கொண்டது. கண்டிப் பகுதிகளிற் சன்னசோ அரச நன்கொடையோ காட்ட இயலாதவனுக்கு அந்நிலத்தில் உரிமையில்லை. ஏனைய பகுதிகளிற் சேனை காடாகவே கொள்ளப்பட்டது. இங்கே நிகழ்ந்தது ஒரு சொல்லின் பொருள்மாற்றம். கிராமத்தவனின் மொழியில், எட்டு ஆண்டோ பத்து ஆண்டோ ஓய்வில் விடப்பட்ட நிலம் 'விட்டிருக்கும் சேனை'. அவனுடைய பயிர்ச்சுழற்சியின் ஒரு கட்டம் அது. சட்டத்தின் மொழியில் அதே நிலம் 'பயிரிடப்படாத நிலம்'. ஓய்வை வெறுமை என்று மொழிபெயர்த்ததால் ஊரின் நிலத்திற் பெரும்பகுதி ஒரே நாளில் அரசாங்கத்தினதாயிற்று.

அந்தக் காட்டை அரசாங்கம் காப்பாற்றியதா? 1844 வரை ஏக்கர் ஐந்து சிலின் விலைக்கு மலைநாட்டுக் காடு கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் அரசாங்க அதிகாரிகளும் இருந்தனர். காட்டை வெட்டிச் சாய்க்கும் ஒப்பந்த வேலைக்குச் சிங்களக் கிராமத்தவர் அமர்த்தப்பட்டனர். நட்டுக் களைபிடுங்கிக் கொய்வதற்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மன்னார் வழியாக வன்னிக் காட்டினூடே கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர். வழியில் இறந்தோர் பலர். வெட்டியவனுக்கும் நட்டவனுக்கும் அந்நிலத்தில் ஒரு சாண் உரிமையும் கிடைக்கவில்லை. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இவையெல்லாம் நிகழ்ந்து முடிந்தபின்னர், 1885 இலும் 1907 இலும் காட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டபோது, காட்டை அழிப்பவன் எனக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவன் சேனைக்காரன்!

குடியேற்ற ஆட்சி முடிந்த பின்னும் இந்நோக்கு முற்றாக மாறிவிடவில்லை. 1956 இல் நாட்டின் பரப்பிற் சுமார் 44 விழுக்காடாக இருந்த அடர்காடு 1983 இற் சுமார் 27 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குச் சேனையும் ஒரு காரணமென்பதை மறுப்பதற்கில்லை. மக்கள்தொகை பெருக, ஓய்வுக்காலம் குறுகி, நிலம் மரமாக வளரமுன்னரே மீண்டும் எரிக்கப்பட்டது. ஆயினும் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் 1970 களின் இறுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் பெருங்காடுகளை அரசாங்கத்தின் திட்டப்படியே வெட்டித் திறந்தன. கோடரி பிடித்தவனைக் கணக்கெடுப்பவர்கள் புல்டோசரைக் கணக்கெடுக்க மறந்துவிடுகிறார்கள்.

கிராமம் காட்டைக் காக்கவில்லை என்ற கூற்றும் மறுபரிசீலனைக்கு உரியது. நுவரகலாவியவின் பழைய குளக் கிராமங்களிற் குளத்தின் மேற்புறத்தில் நீர் வந்துசேரும் இடத்திற் 'கஸ்கொம்மன' எனப்படும் மரத்தொகுதியும், அணைக்கட்டின் கீழ்ப்புறத்தில் 'கட்டாகடுவ' எனப்படும் பற்றையும் மரமும் கலந்த பகுதியும் பேணப்பட்டன. முன்னது காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். பின்னது வயலுக்குள் உவர் ஏறாமற் காக்கும். எந்தத் திணைக்களமும் அமையுமுன்னரே இவை இருந்தன. அதேபோன்று, பல குடும்பங்கள் கூடிச் சக்கர வடிவில் ஒரே சேனையை வெட்டும் வழக்கமும் அங்கு இருந்தது. நடுவிலிருந்து ஆரைகள்போல் ஒவ்வொருவர் பங்கும் பிரியும். புற எல்லையில் ஒரே வேலி. தன் பங்குக்கு எதிரேயுள்ள வேலியை ஒவ்வொருவனும் அடைக்கவேண்டும். ஒருவன் அடைக்காவிட்டாற் பன்றி எல்லோருடைய குரக்கனையும் தின்றுவிடும். இரவுக் காவலும் அவ்வாறே பொதுவானது. எங்கு, எவ்வளவு, எவரெவர் வெட்டுவது என்பது ஊரார் கூடிப் பேசி முடிவுசெய்யும் காரியம். தனியொருவனுக்கு வழங்கப்படும் பத்திரம் இம்முறையின் உயிர்நாடியையே அறுத்தது. ஊரோடு பேசவேண்டிய குடியானவன் ஆராச்சியின் முற்றத்திற் காத்து நிற்பவனானான். பெத்தகமவில் நாம் காண்பது இந்த அறுபட்ட நிலையையே. வூல்ஃப் அதனை ஆதிகாலந்தொட்டு மாறாத நிலையாக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு கூறியபின், முற்போக்கு வாசகர் சிலர் எளிதில் வந்துசேரக்கூடிய ஒரு முடிவினையும் எச்சரிக்கையோடு நோக்கவேண்டும். அரசாங்கம் தீயது, கிராமச் சமுதாயம் தூயது என்பதே அம்முடிவு. இதனை மறுப்பதற்கு வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. அதே நாவலின் ஹின்னிஹாமி போதும். ஊரில் மழை பொய்த்து வறட்சி வந்தபோது, அவளும் அவள் பால்கொடுத்து வளர்த்த மான்குட்டியுமே கேட்டுக்குக் காரணமென ஊரார் நம்புகிறார்கள். மானை அடித்துக் கொல்கிறார்கள், அவளும் இறந்துபோகிறாள். அதனைச் செய்தவர்கள் வெள்ளையருமல்லர், திணைக்களத்தாருமல்லர். அயல்வீட்டு மனிதர். சமுதாயம் என்று நாம் வாய்நிறையக் கூறும் ஒன்றுக்குள்ளே பெண்ணும் சாதியிற் தாழ்த்தப்பட்டவனும் காணியற்றவனும் எவ்விடத்தில் நிற்கிறார்கள் என்பதை ஹின்னிஹாமியின் கதை கேட்காமற் கேட்கிறது. நாவலின் மிகச் சிறந்த பகுதி எதுவெனக் கேட்டால் இதனையே கூறுவோம்.

தமிழிற் காட்டு வாழ்வினை உள்ளிருந்து பார்த்த நாவலாக அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யைக் குறிப்பிடலாம். 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த அந்நூலின் களம் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பு. கதிராமனுக்கும் பதஞ்சலிக்கும் காடு அச்சம் தரும் பேயன்று. தேனும் இறைச்சியும் தருவது, வழியறிந்து நடந்தால் வாழவிடுவது. வூல்ஃபின் இருளுக்குப் பின் பாலமனோகரனை வாசிப்பவர் கண்ணுக்கு வெளிச்சம் வந்ததுபோல் உணர்வார். எனினும் அங்கும் காட்டின் உரிமை பற்றிய வினா முன்னிலைக்கு வருவதில்லை. அன்று வன்னியிற் காடு போதியளவு இருந்தது என்பது அதற்குக் காரணமாயிருக்கலாம். 1984 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். நாவலின் நிலம் மனிதரற்றுக் கிடந்தது.

இங்கேதான் வூல்ஃபின் இறுதி அத்தியாயம் நமக்கு மிக அண்மையில் வந்துவிடுகிறது. ஊரிலுள்ள எல்லோரும் இறந்தோ வெளியேறியோ போனபின், புஞ்சி மெனிகா மாத்திரம் குடிசையில் எஞ்சியிருக்கிறாள். முற்றத்திற் செடி முளைக்கிறது, பாதை மூடுகிறது, காடு வாசல்வரை வருகிறது. அவளும் இறக்கிறாள். இதனை இயற்கையின் வெற்றியாக வாசித்தே பழகிவிட்டோம். 1840 இன் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே பக்கத்தை வாசித்துப் பார்க்கவேண்டும். கடைசி மனிதர் இறந்த அந்நாளிற் பெத்தகம குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலமாகிறது. அதாவது, அரசாங்கக் காடாகிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம்களுள் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அடங்குவர். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி முதலிய ஊர்கள் இருபது ஆண்டுகளாக ஆளின்றிக் கிடந்தன. வீட்டுச் சுவருக்குள் மரம் வளர்ந்தது. போர் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கிய காலத்தில், 2012 இல், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 இல் அப்பகுதி உட்படச் சுமார் 40,000 ஹெக்டேயர் நிலம் மாவில்லு என்னும் பெயரிற் பேணற்காடாக்கப்பட்டது. வில்பத்துவின் வட எல்லையை அடுத்த அக்காடு காக்கப்படவேண்டியதே என்று சூழலியலாளர் கூறியதிற் பொய்யில்லை. மீள்குடியேற்றத்தின் பெயரிற் புதுக்காடு வெட்டப்படுகிறது என்ற அவர்களது அச்சமும் முழுவதும் ஆதாரமற்றதன்று. ஆனால் எது ஊரின் பழைய நிலம், எது காடு என்பதைத் தீர்மானிக்கும்போது ஊராரிடம் கேட்கவேண்டுமென்ற எண்ணம் ஏன் எழவில்லை? முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் போருக்குப்பின் திரும்பிய குடியானவர் தம் மேட்டுநிலத்தில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டனர். அகதியாக வாழ்ந்த காலம் சட்டத்தின் கண்களில் நிலத்தைக் கைவிட்ட காலமாயிற்று. 'பயிரிடப்படாத நிலம்' என்னும் அந்தப் பழைய சொற்றொடருக்கு இத்தனை நீண்ட ஆயுள் இருக்குமென்று அதனை எழுதியவர்களே எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

கிராமத்தவரிடமே காட்டின் பராமரிப்பை ஒப்படைக்கும் சமுதாய வனவியல் என்னும் கருத்து இந்நாட்டுக்குப் புதியதன்று. 1907 இன் கட்டளைச் சட்டத்திலேயே 'கிராமக் காடு' என்றோர் ஏற்பாடு உண்டு. ஆனால் அதனை அமைப்பதும் அதற்கு விதிசெய்வதும் மேலிடத்தின் அதிகாரம். 1982 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் சமுதாய வனவியல் திட்டமொன்று தொடங்கியது. விறகுக்கான மரநடுகையே அதன் பெரும்பகுதி. 1995 இன் தேசிய வனக் கொள்கை உள்ளூர் மக்களைப் பங்காளிகளாக ஏற்றது. 2012 முதல் 2016 வரை அவுஸ்திரேலிய உதவியோடு இன்னொரு திட்டம் நடைபெற்றது. இவற்றால் நன்மை விளையவில்லை என்று கூறமாட்டோம். கிராமங்களிற் சங்கங்கள் அமைந்தன; மரங்கள் நின்றன; வன அலுவலரும் ஊராரும் ஒரே பாயிலிருந்து பேசும் வழக்கம் சில இடங்களில் உண்டாயிற்று. ஆனால் பங்கேற்பு என்னும் அழகிய சொல்லினுள்ளே பழைய பத்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது விமர்சகனின் கடமை. திட்டம் முடிந்ததும் சங்கத்திடம் எஞ்சுவது என்ன? ஊரார் வகுத்த எல்லையை ஊராரின் சம்மதமின்றி மாற்ற அதிகாரிக்கு முடியுமாயின், நாற்று நட்டவர்கள் கூலியாட்களே. 2001 இல் ஒரு சுற்றறிக்கை, ஒதுக்கப்படாத அரசாங்கக் காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. 2020 இல் அது நீக்கப்பட்டு, அக்காடுகள் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் சென்றன. இதன் நன்மைதீமை பற்றிப் பலத்த விவாதம் நடந்தது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கோவை நகர்ந்த அந்நிகழ்ச்சியில், அக்காட்டோரம் வாழ்பவன் மூன்றாவது மேசைக்காரனாகக்கூட எண்ணப்படவில்லை.

நேபாளத்தின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. 1957 இல் அங்கே தனியார் காடுகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. தம்முடையதாக எண்ணியிருந்த காட்டைக் காக்கும் அக்கறையை மக்கள் இழந்தனர் என்று பலரும் எழுதியுள்ளனர். 1978 இல் பஞ்சாயத்துகளிடம் காட்டை ஒப்படைக்கும் விதிகள் வந்தன. 1993 ஆம் ஆண்டின் வனச் சட்டம் அதனையும் தாண்டி, காட்டைப் பயன்படுத்துவோரின் குழுக்களைச் சட்டபூர்வமான அமைப்புகளாக ஏற்று, விளைபொருளையும் வருமானத்தையும் அவற்றிடம் விட்டது. நிலம் அரசாங்கத்தினதாகவே இருந்தது. அத்தகைய குழுக்கள் பின்னர் 20,000 இற்கு மேலாகப் பெருகின. நடுமலைப் பிரதேசத்தில் மொட்டையாயிருந்த சரிவுகள் பல மீண்டும் பசுமை பெற்றன. ஆயினும் அங்கும் ஹின்னிஹாமிகள் உண்டு. மேய்ச்சலைத் தடைசெய்து காட்டை மூடியபோது, மாற்று நிலமில்லாத தலித் குடும்பங்களும் விறகு சுமக்கும் பெண்களுமே முதலிற் பாதிக்கப்பட்டனர். குழுக்களின் தலைமை ஊரின் வசதியுள்ளவர்களிடம் சென்றது. குழுவின் செயற்குழுவிற் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் இடம் வேண்டுமென்ற போராட்டம் அதன் பின்னரே வலுப்பெற்றது.

இந்தியாவில் 2006 இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டத்தின் வழியே ஒடிசாவின் நியம்கிரி மலையில் நிகழ்ந்தது வேறொரு வகையில் முக்கியமானது. பொக்சைட் தோண்டுவதற்கு அம்மலையைக் கொடுக்கலாமா என்பதைக் கிராமசபைகளே கூறவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது. டொங்ரியா கொந்த் மக்களும் ஏனையோரும் வாழும் பன்னிரண்டு கிராமங்களின் சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. மேலிருந்து கீழே மட்டும் சென்றுவந்த மறுப்பு, கீழிருந்து மேலே சென்ற அரிய தருணம் அது. பாபுனுக்கு ஆராச்சி கூறிய 'இல்லை'யையும் நியம்கிரியின் 'இல்லை'யையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குச் சமுதாய வனவியலின் சாரம் எங்கிருக்கிறதென்பது விளங்கும்.

வூல்ஃபின் அம்பாந்தோட்டை நாட்குறிப்புகள் அச்சேறியுள்ளன. அவற்றை நாவலோடு ஒப்பிட்டு வாசிக்கும் பணி ஆங்கிலத்திலாவது ஓரளவு நடைபெற்றிருக்கிறது. அதன் மறுபக்கம் இன்னும் வாசிக்கப்படவில்லை. சேனை கேட்டும், மறுப்பை எதிர்த்தும் குடியானவர் சிங்களத்திலும் தமிழிலும் மனுவெழுதுவோரைக் கொண்டு எழுதுவித்த விண்ணப்பங்கள் பழைய கச்சேரிக் கோவைகளிற் கிடக்கின்றன. வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சென்றவை நம்மால் வாசிக்கக்கூடியவை. சிலிண்டு நீதிமன்றிற் பேசத் தெரியாமல் நின்றதாக வூல்ஃப் எழுதினார். அவன் காலத்து மனிதர் தம் காட்டைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது அந்தக் கோவைகளில் இருக்கும்.